பள்ளிக்கூடத்தில் பிறந்த சர்க்கஸ்

மங்களூர் மெயில் ஷொரணூரைத் தாண்டியதும் பாரதப்புழை இடப்பக்கமாகக் கூடவே வரத் தொடங்குகிறது. பட்டாம்பி, குட்டிப்புறம் கழிந்தால் திருநாவாயா. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திருநாவாய் அதுதான். கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். ஆனால் நான் சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1978இல் ஜி. அரவிந்தன் தன் ‘தம்பு’ படத்தை எடுத்தது இந்த ஆற்றங்கரையில். சர்க்கஸ்காரர்கள் லாரியில் வந்து இறங்குகிறார்கள், கூடாரம் எழுகிறது, ஆட்டம் நடக்கிறது, கூட்டம் குறைகிறது, மறுபடியும் லாரி ஏறுகிறார்கள். கதை என்று அதற்குமேல் அதிகமில்லை. ஷாஜி என். கருணின் கேமரா வளையத்தில் நடப்பதை விட்டுவிட்டு, கேலரியில் இருக்கும் ஊர்க்காரர்களின் முகங்களிடம் திரும்பத் திரும்பப் போகும். அவர்கள் நடிகர்கள் அல்லர். பல்லில்லாத வாயைத் திறந்தபடி ஒரு கிழவர், மடியில் பிள்ளையை மறந்துவிட்ட ஒரு தாய். சர்க்கஸ் என்பது வளையத்தில் பாதியும் இந்த முகங்களில் பாதியுமாக நடக்கிற காரியம் என்பதை அந்தப் படம் போல வேறொன்றும் எனக்குக் காட்டியதில்லை.

ஒரு வகுப்பு முழுக்க சர்க்கஸ் பார்க்கக் கிளம்புகிறது. நாங்கள் செய்யவிருக்கும் சிறுவர் படப்புத்தகத்தின் கதை அவ்வளவே. வாசகம் நான் எழுத வேண்டும். படம் வரையப்போகிறவர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து ஆற்று மணலைப் பென்சிலால் தேய்த்துக்கொண்டிருந்தார். படப்புத்தகத்துக்குப் பெரும்பாலும் 32 பக்கங்கள்தான். அச்சுத்தாளை மடித்தால் 16 பக்கமாக விழும், அப்படி இரண்டு. தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போக, விரித்துப் பிடித்தால் கண்முன் அகலும் இரட்டைப் பக்கங்கள் 13, 14 தேறும். ஒரு நாள் உலாவுக்கு இது அளந்து வைத்தது போன்ற இடம். பஸ் ஏறுவது, வரிசையில் நிற்பது, கூடாரத்துக்குள் நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழகுவது, ஆட்டம், வீடு. பக்கத்தைப் புரட்டுகிற கணத்துக்கும் சர்க்கஸுக்கும் ஓர் உறவு இருக்கிறது. அந்தரத்தில் பார் விளையாடுகிறவர் ஒரு பாரை விட்டாயிற்று, அடுத்ததை இன்னும் பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் கூடாரம் முழுக்க மூச்சு நிற்கும். வலப்பக்க ஓரத்தில் ஒரு கை நீண்டு நின்றால் எந்தக் குழந்தையும் புரட்டாமல் இருக்காது.

இந்தக் கதையைத் தொட்டுப் பலர் நல்ல புத்தகங்கள் செய்திருக்கிறார்கள். 1925இல் லெனின்கிராடில் சாமுவில் மர்ஷாக் எழுதி விளாதிமீர் லெபெதெவ் வரைந்த ‘சர்க்கஸ்’ நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் புதிதாக இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சுவரொட்டிதான். வெள்ளைத் தாளில் தட்டையான அழுத்த நிறங்களில் உடல்கள் மட்டும் நிற்கும். 1959இல் வந்த லுத்விக் பெமெல்மன்ஸின் ‘மேடலினும் ஜிப்சிகளும்’ எங்கள் கதைக்கு இன்னும் கிட்டத்தில் வருகிறது. மிஸ் கிளாவெல் என்ற பொறுப்பாளரின் பின்னால் 12 சிறுமிகள் வரிசையாகக் கேளிக்கை பார்க்கப் போகிறார்கள். ராட்டினத்தின் உச்சியில் விடுபட்டுப்போன மேடலினும் பக்கத்து வீட்டுப் பையன் பெப்பீட்டோவும் சர்க்கஸ்காரர்களோடு ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள், வித்தை கற்கிறார்கள், சிங்கத் தோலுக்குள் வைத்துத் தைக்கப்படுகிறார்கள், கடைசியில் வீடு வந்து சேர்கிறார்கள்.

பார்க்கப் போன குழந்தை வளையத்துக்குள் போய்த் திரும்பி வருகிற அந்தக் கதையை எத்தனை முறை வாசித்தாலும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் வளையத்துக்குள் போன குழந்தைகள் ராட்டினத்தில் விடுபட்டவர்கள் அல்லர், கொடுக்கப்பட்டவர்கள். பலர் வீடு திரும்பவே இல்லை. இந்திய மொழி ஒன்றில் சர்க்கஸைப் பற்றிக் குழந்தைகளுக்கு எழுதுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்பது என் கட்சி. அதனால்தான் எங்கே போய்ப் பார்ப்பது என்ற பேச்சு வந்ததும் தலச்சேரி என்று சொன்னேன்.

வடகரை தாண்டி, மய்யழிப் புழையைக் கடந்தால் தலச்சேரி. 1708இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டை, குண்டர்ட்டின் மலையாள அகராதி, 1880களில் மம்பள்ளி பாபு சுட்ட கிறிஸ்துமஸ் கேக், கிரிக்கெட், கைமா அரிசிப் பிரியாணி. ஊரைப் பற்றிக் கேட்டால் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பிரியாணியை மட்டும் நின்று நிதானித்துச் சாப்பிட்டோம். மற்றவற்றுக்கு இன்னொரு பயணம் வேண்டும்.

நாங்கள் தேடி வந்தது ஓர் உடற்பயிற்சி ஆசிரியரை. கீலேரி குஞ்ஞிக்கண்ணன், பாசல் மிஷன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர். களரி தெரிந்தவர், மேலைநாட்டு ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றவர். 1939இல் மறைந்தார். ஊரில் இன்றும் அவர் பெயரோடு ‘டீச்சர்’ ஒட்டிக்கொண்டே வருகிறது.

இந்தியாவின் முதல் சர்க்கஸைத் தொடங்கியவர் அவரல்லர், மராட்டியரான விஷ்ணுபந்த் சத்ரே. குருந்த்வாட் அரசரின் குதிரை லாயத்தைப் பார்த்துக்கொண்டவர். இத்தாலியரான கியாரினியின் சர்க்கஸ் பம்பாய்க்கு வந்ததைப் பார்த்தபின் 1880இல் தன் ‘கிரேட் இந்தியன் சர்க்கஸை’ நிறுவினார். குதிரைகளை ஆட்டுவிப்பதில் அவருக்கு ஈடில்லை. ஆனால் அந்தரத்தில் பாயவும், மனிதர் மேல் மனிதர் ஏறி நிற்கவும் பயின்ற உடல்கள் நம் நாட்டில் எங்கே இருந்தன? 1880களின் இறுதியில் சத்ரே தன் கூட்டத்தோடு தலச்சேரிக்கு வந்தபோது விடை கிடைத்தது. களரியில் எண்ணெய் தேய்த்து, மெய்ப்பயிற்சியில் வளைந்து பழகிய பிள்ளைகள் இந்தக் கடற்கரை முழுக்க இருந்தார்கள். அவர்களை எப்படி வகுப்பாக நிறுத்திக் கற்பிப்பது என்று தெரிந்த ஓர் ஆசிரியரும் இருந்தார். ஆட்களைப் பயிற்றுவித்துத் தரும் பொறுப்பைக் குஞ்ஞிக்கண்ணன் ஏற்றார். 1901இல் சிறக்கரையில் சர்க்கஸுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்.

மற்ற ஊர்களில் பள்ளிக்கூடம் சர்க்கஸுக்குப் போயிற்று. இந்த ஊரில் சர்க்கஸ் பள்ளிக்கூடத்திலிருந்து புறப்பட்டது. இதை நான் எந்தப் படப்புத்தகத்திலும் பார்த்ததில்லை. எங்கள் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் இது இருக்க வேண்டும் என்று சிறக்கரைத் தெருவில் நடந்தபோதே முடிவு செய்துவிட்டேன்.

அந்தப் பள்ளியில் படித்தவர்கள் எங்கெல்லாம் போனார்கள் என்று பாருங்கள். மாணவர்களில் ஒருவரான பரியாளி கண்ணன் 1904இல் ‘கிராண்ட் மலபார் சர்க்கஸை’த் தொடங்கினார். அதன்பின் ஒயிட்வே, கிரேட் ராமாயண் என்று தலச்சேரிக்காரர்களின் கூடாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கண்ணன் பொம்பாயோ என்று மேடைப் பெயர் வைத்துக்கொண்ட இன்னொருவர், துள்ளும் கயிற்றின்மேல் குட்டிக்கரணம் அடிப்பவர். ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு 1930களில் அமெரிக்காவின் ரிங்லிங் பிரதர்ஸ் வளையம்வரை போனார். கொளச்சேரியில் 1924இல் பிறந்த எம்.வி. சங்கரன் சிறுவயதில் குஞ்ஞிக்கண்ணனிடம் பயின்று, போர்க்காலத்தில் பட்டாளத்துக்குப் போய், திரும்பி வந்து பார் விளையாட்டுக்காரரானார். 1951இல் ஒரு நண்பரோடு சேர்ந்து, நொடித்துப்போன ‘விஜயா சர்க்கஸை’ 6,000 ரூபாய்க்கு வாங்கினார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் தேதி குஜராத்தின் பிலிமோராவில் அது புதுப்பெயரோடு மறுபடி திறந்தது. அந்தப் பெயர் ஜெமினி. நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டிய நோட்டீஸ்களை அண்ணாந்து பார்த்த யாருக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் சங்கரன் காலமானபோது அவருக்கு வயது 98.

சிறக்கரையில் எங்கள் கண்ணில் பட்டவை தென்னைகளும் மதில்களும் ஓட்டு வீடுகளும்தான். 2010இல் கேரள அரசு தலச்சேரியில் ஒரு சர்க்கஸ் அகாடமி தொடங்கியது. பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு வித்தையும் கற்றுத்தரும் திட்டம். சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. எனக்கு இது பெரிய வருத்தம். கதகளிக்கு ஒரு கலாமண்டலம் வைத்துக் காப்பாற்றிய மாநிலம், தன் இன்னொரு கலைக்கு ஒரு கூரை போட்டுத் தந்திருக்கலாம்.

மறுநாள் கண்ணூரில் ஒரு கூடாரம். பகல் காட்சி. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டென்பதால் ஒரு பஸ் நிறைய நான்காம் வகுப்பு வந்து இறங்கியது. நாங்கள் வந்ததே இதைப் பார்க்கத்தான். டீச்சர் படியில் நின்று தலை எண்ணுகிறார். எண்ணி முடிப்பதற்குள் முன்வரிசைப் பிள்ளைகள் இடம் மாறிவிட, மறுபடி முதலிலிருந்து. கேலரிப் பலகைகளில் இவர்கள் கால் தரையைத் தொடாது, ஆடிக்கொண்டே இருக்கும். ஓவியர் அன்று முதலில் வரைந்தது அந்தக் கால்களைத்தான். முகங்களே இல்லாமல் ஒரு வரிசைக் கால்கள். ஆட்டம் சூடுபிடிக்கும்போது அத்தனையும் ஒரே நேரத்தில் அசைவற்று நின்றதை அவர்தான் எனக்குச் சுட்டிக்காட்டினார்.

வளையம் என்பது பழைய கணக்கு. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி, ஓடும் குதிரையின் முதுகில் ஒருவர் விழாமல் நிற்க ஏற்ற வட்டம் எது என்று ஓட்டிப் பார்த்து, 42 அடி விட்டத்தில் நிறுத்தினார். வட்டத்தில் ஓடும் குதிரை உள்பக்கம் சாயும், நிற்பவரும் சாய்வார், அந்தச் சாய்வே அவரைத் தாங்கும். கண்ணூர்க் கூடாரத்தில் குதிரையே இல்லை. வட்டம் மட்டும் இன்னும் குதிரைக்காகக் காத்திருப்பது போல அதே வடிவில் இருந்தது.

கம்பளத்தைச் சுருட்டி எடுப்பவர்களிலிருந்து எல்லாமே பிள்ளைகளுக்கு வேடிக்கை. இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் தலைகீழாகச் சுற்றியபோது காதைப் பொத்திக்கொண்டார்கள். கண்ணை யாரும் மூடவில்லை. துணியில் சுற்றிக்கொண்டு உச்சிவரை போன பெண் அப்படியே அவிழ்ந்து இறங்கியபோது ஒரு சிறுமி எழுந்து நின்றுவிட்டாள், டீச்சர் இழுத்து உட்கார வைக்கும்வரை. என் பக்கத்தில் இருந்த ஒரு பையனோ மேலே பார்க்கவே இல்லை. கீழே இருட்டில் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்திருந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தான். மேலே இருப்பவள் நகர நகர அந்த ஆளும் ஓரடி நகர்வதை அவன் கண்டுபிடித்துவிட்டான். எங்கள் புத்தகத்தில் அவனுக்கு ஓர் இரட்டைப் பக்கம் உண்டு.

இடைவேளையில் ஒரு குரல் சிங்கம் எப்போது வரும் என்று டீச்சரைக் கேட்டது. பாடப்புத்தகத்தில் ‘சி’க்குப் பக்கத்தில் சர்க்கஸ் சிங்கத்தைப் பார்த்து வளர்ந்தது என் தலைமுறை. இவர்களும் எங்கிருந்தோ அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998இல் அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2000இலும் உச்ச நீதிமன்றம் 2001இலும் அரசின் பக்கமே நின்றன. டீச்சர் அத்தனையும் சொல்லவில்லை. சிங்கத்துக்கு இங்கே வர விருப்பமில்லை, அதனால் அதை விட்டுவிட்டார்கள் என்றார். கேட்ட குரல் அதை ஏற்றுக்கொண்டு ஐஸ் கேட்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸும் 2016இல் யானைகளை நிறுத்தி, 2017இல் மூடி, 2023இல் விலங்கே இல்லாமல் மறுபடி தொடங்கியது. யானை முக்காலியில் உட்காராவிட்டால் சர்க்கஸ் செத்துவிடும் என்று அழுகிறவர்களோடு என்னால் ஒத்துப்போகவே முடிவதில்லை. அன்று அந்த நான்காம் வகுப்புக்கு மனிதர்களே போதுமானவர்களாக இருந்தார்கள்.

வளையத்தில் இன்னொன்றும் இல்லை. குழந்தைகள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே வரிசையில் ஒரு வகுப்பு உட்கார்ந்திருந்தால், எதிரே வளைந்து தலையைக் காலுக்கிடையில் நுழைத்துச் சிரிக்கிற பிள்ளைக்கும் அவர்கள் வயதுதான் இருந்திருக்கும். தலச்சேரிப் பக்கத்து ஏழை வீடுகள் பல, ஒரு வாய் குறையட்டும் என்று பிள்ளைகளை அனுப்பின. ஒப்பந்தம் என்று ஒரு தாள். ஆண்டுகள் அதில் எழுதியிருக்கும். கேரளத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகி, வளைகுடா வேலையும் வந்தபின் இங்கே பிள்ளைகள் கிடைப்பது குறைந்தது. தரகர்கள் நேபாளத்துக்குப் போனார்கள். மக்வான்பூர் மாவட்டத்துச் சிறுமிகள் வட இந்தியக் கூடாரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 2011 ஏப்ரல் 18ஆம் தேதி, ‘பச்பன் பச்சாவ் ஆந்தோலன்’ தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யவும், இருப்பவர்களை மீட்கவும் மத்திய அரசுக்குச் சொன்னது. இந்தியக் கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்ட நேபாளப் பிள்ளைகள் சிலர் வளர்ந்தபின் ‘சர்க்கஸ் காத்மண்டு’ என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். தங்கள் குழந்தைப்பருவத்தைப் பறித்த வித்தையை அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. இனி இது எங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். இதைவிடத் துணிச்சலான ஆட்டம் எந்த வளையத்திலும் நடந்ததாக நான் நினைக்கவில்லை.

தலச்சேரியை விட்டுக் கிளம்பும் முன் ஒரு வீட்டுக்குப் போனோம். பார் விளையாடி ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் அங்கே மகள் குடும்பத்தோடு இருக்கிறார். எட்டு வயதில் கூடாரத்துக்குப் போனவர். மதுரை, திருச்சி, நாகர்கோவில் என்று ஆண்டுக்கணக்கில் ஆடியதால் நல்ல தமிழ். “வா மோளே, உள்ள வா” என்று ஓவியரைத்தான் முதலில் கூப்பிட்டார். தொலைக்காட்சியில் ‘மேளா’ போட்டால் விடாமல் பார்ப்பாராம். 1980இல் கே.ஜி. ஜார்ஜ் எடுத்த படம் அது. கதை, தலச்சேரிக்குப் பக்கத்துச் சம்பாட்டைச் சேர்ந்த ஸ்ரீதரன் சம்பாடுடையது. சர்க்கஸோடு திரிந்து அதைப் பற்றியே எழுதியவர். அதில் மம்மூட்டிக்கு வரும் மோட்டார் சைக்கிள் வித்தை நிஜமான சர்க்கஸ் வித்தை என்று அம்மா எங்களிடம் அழுத்திச் சொன்னார்.

பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன். “அவங்க எங்களைப் பார்ப்பாங்க. நாங்க அவங்க பையைப் பார்ப்போம்” என்றார். கேலரியில் மடிமேல் வைத்திருக்கும் புத்தகப்பை. திரைக்குப் பின்னால் ஓட்டை வழியாகப் பார்த்து, யாருடைய பை பெரியது என்று சிறுமிகளுக்குள் பந்தயம் நடக்குமாம். பெயர் எழுதக் கற்றது பதினைந்து வயதில், கூடாரத்துக் கணக்குப்பிள்ளையிடம். சம்பள ஏட்டில் கைநாட்டு வைக்க வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டது. ஆனால் வித்தையைப் பற்றிப் பேசும்போது குரலே வேறு. தன்னைப் பிடித்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார், ஒவ்வொருவர் கையின் பிடி எப்படி என்பதோடு. வறுமை கொண்டுபோய் விட்ட இடம் அது. அங்கே கற்றதோ தன்னுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப அவர் நம்மை விடமாட்டார்.

எங்கள் புத்தகத்தில் திரையின் ஓட்டை வரும் என்று அங்கேயே முடிவாயிற்று. வகுப்பு வெளியே வரிசையில் நிற்கும்போது பழைய படம் ஒன்று கூடார வாசலில் தொங்கும். அதில் ஒரு சிறுமி. கயிறு பிடிக்கும் ஆளைப் பார்த்த பையன் அவளையும் பார்ப்பான். வாசகம் அந்தப் பக்கத்தில் ஒன்றும் வேண்டாம் என்று ஓவியர் சொன்னார். எனக்கு இரண்டு வரியாவது வேண்டும். ரயிலில் இதைப் பேசிக்கொண்டே வந்தோம், இன்னும் தீரவில்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடங்களைப் புரட்டினார். கால்களின் வரிசையைப் பார்த்துச் சிரித்தார். கூடாரத்தின் நடுமரத்துக்கு இழுவைக் கயிறு ஒன்று குறைகிறது என்றார். பார் விளையாட்டுப் படத்தில் நின்றுவிட்டார். அதில் இருவர் அந்தரத்தில் உள்ளங்கையோடு உள்ளங்கை கோத்திருந்தார்கள்.

“கையைக் கை பிடிக்காது மோளே. மணிக்கட்டை மணிக்கட்டு பிடிக்கும். வேர்வையில உள்ளங்கை வழுக்கிரும்.” ஓவியரின் முன்கையை எட்டிப் பிடித்துக் காட்டினார். அழிக்கச் சொன்னார், மறுபடி வரையச் சொன்னார். பிடி சரியானதும் வலைக்கு வந்தார். விழுகிறவள் கால் கீழே வர நேராக விழுவதாக இருந்தது. அதுவும் ஆகாது, முதுகு பட விழ வேண்டும், இல்லாவிட்டால் கணுக்கால் போய்விடும். விழுந்தபின் எழுந்து நடக்கக் கூடாது, வலையின் ஓரத்தைப் பிடித்து ஒரு கரணம் போட்டு இறங்க வேண்டும். அதையும் வரைந்து முடிக்கும்வரை எங்களை விடவில்லை.

“பிள்ளைங்க பார்க்கிற புஸ்தகம். பார்த்துட்டு வீட்ல கட்டில் மேல ஏறிச் செஞ்சு பார்க்கும். தப்பா வரைஞ்சு கொடுக்காதே.”